வால் போன பல்லி

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பறையின் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு பல்லி நாலு நாளாய்ப் பட்டினி கிடந்தது. ஜன்னல் கதவு இடுக்கில் மாட்டி அதன் வால் அறுந்துவிட்டது. வாலில்லாமல் எப்படித் தலைகாட்டுவது என்று ஒரே கூச்சம்.

"முளைக்கட்டும், வர்றேன்," என்று பக்கத்து வலையிலிருந்த சிலந்தியிடம் சொல்லிவிட்டது.

அன்று பரீட்சைத்தாள் திருத்திய வாத்தியார், பலகையில் வேம்பரசியின் பெயரை எழுதி, பக்கத்திலேயே இங்கிலீஷில் 'ஹோப்லெஸ்' என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். ஜவுளிக்கடையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வகுப்புக்கு வருகிறவள் அவள்.

"என்ன எழுதியிருக்காரு?" என்றது பல்லி.

"ஹோப்னா நம்பிக்கைண்ணே. லெஸ்ங்கிறது வால். அது ஒட்டிக்கிட்டா நம்பிக்கையே கிடையாதுன்னு ஆயிடும்." வருஷக்கணக்காய் ஓசியில் பாடம் கேட்ட சிலந்தி அது.

வேம்பரசி எழுந்து பலகைக்குப் போனாள். எல்லாவற்றையும் அழித்துவிடுவாள் என்றுதான் பல்லி நினைத்தது. அவள் டஸ்டரைத் தொடவே இல்லை. கட்டைவிரலால் அந்த வாலை மட்டும் துடைத்துவிட்டு, தன் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பி வந்த வாத்தியார் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மிச்சமிருந்த சொல்லில் கை வைக்காமல், அதற்குக் கீழே பாடத்தை ஆரம்பித்தார்.

பல்லி மெல்ல இறங்கி டியூப்லைட் வெளிச்சத்தில் வந்து நின்றது.

"என்னண்ணே, வால் முளைச்சிடுச்சா?"

"இன்னும் இல்லப்பா," என்று சொல்லிவிட்டு அது முதல் பூச்சியைப் பிடித்தது.