தலைக்கு மேல் அரை அடி

செவிலியர் கல்லூரியின் மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டால், எதிரே உட்கார்ந்திருப்பதாகக் கணினி காட்டும் மனநோயாளியின் தலைக்கு மேல் ஒரு எண் தெரியும். கனிவாகப் பேசினால் எண் ஏறும், அவசரப்பட்டால் இறங்கும். ஜெசிந்தா மூன்று வருடம் அந்த எண்ணைப் பார்த்தே பேசிப் பழகி, தொண்ணூற்றெட்டு வாங்கி, மனநல மருத்துவமனைக்கு அன்று வேலைக்கு வந்திருந்தாள். அவளோடு படித்த இன்னொருத்தியும் அன்று காலைதான் அங்கே சேர்ந்திருந்தாள்.

ஜெசிந்தாவுக்குக் கிடைத்த முதல் நிஜ நோயாளி தணிகாசலம், பஸ் கண்டக்டராக இருந்தவர். தன் தலைக்கு மேல் யாரோ உட்கார்ந்திருப்பதாகப் பதினோரு மாதம் நம்பி, மெல்ல மெல்ல மீண்டவர். மறுநாள் காலை மகள் ஸ்கூட்டரில் வந்து வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு.

"நல்லாத் தூங்கினீங்களா ஐயா?" என்றாள் ஜெசிந்தா. கேட்டதும் அவள் கண் தானாக அவர் தலைக்கு அரை அடி மேலே போய் நின்றது.

"தூங்கினேம்மா." அவர் அவளையே பார்த்தார். "அங்க என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா." சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னோமா என்று மறுபடியும் மேலே பார்த்தாள்.

தணிகாசலம் லேசாகச் சிரித்தார். "காலையில வந்த புது சிஸ்டரும் அங்கதான் பார்த்துச்சு. அதுவும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிச்சு."

பிறகு, மேலே இருப்பவருக்கு மின்விசிறி இடிக்காதபடி தலையை மெதுவாகத் தாழ்த்திக்கொண்டார்.

"எம் பொண்ண நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடும்மா. ஸ்கூட்டர்ல மூணு பேரு எப்படிப் போறது?"