மூழ்கியிருப்பார்

மொழிபெயர்ப்பவள் அந்த வரியை மூன்றாவது முறையாக வாசித்தாள்.

ஸ்பானிய மொழியில் கையால் எழுதிய வாக்குமூலம். எழுதியவர் கப்பலின் சமையல்காரர், பெரு நாட்டுக்காரர். அதே கப்பலில் வேலை பார்த்து, நடுக்கடலில் காணாமல் போன கிளீட்டஸைக் கடைசியாகப் பார்த்தவர்.

மேசைக்கு எதிரே கிளீட்டஸின் மனைவி ஜெசிந்தா. தூத்துக்குடியிலிருந்து ரயிலில் உட்கார்ந்தே வந்திருந்தாள். சென்னையில் ஸ்பானிய மொழி தெரிந்த மேடம் ஒருவர் மொழிபெயர்த்துக் கொடுக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

வாக்குமூலத்தோடு ஓர் ஆங்கிலப் படியும் இருந்தது. கப்பல் கம்பெனி அனுப்பியது.

'மஸ்ட் ஹாவ் டிரவுண்ட்.'

கிளீட்டஸின் அண்ணன் அதைத்தான் வீட்டில் வாசித்துச் சொன்னாராம். மூழ்கி இறந்துவிட்டான். சொன்ன கையோடு கோயிலுக்குப் போய் முப்பதாம் நாள் திருப்பலிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நாளைக் காலை ஐந்தரைக்கு.

பார்த்த மனுஷர் எழுதியது வேறு தாள்தானே என்று ஜெசிந்தா கேட்டிருக்கிறாள். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆங்கிலத்தைத் தவறென்று சொல்ல முடியாது. ஊகத்தைச் சொல்ல அங்கே ஒரு சொல்லைத் தேட வேண்டும். படியை எழுதியவர் கனமானதாக 'மஸ்ட்' என்பதை எடுத்துவிட்டார். ஸ்பானியத்தில் வினையை எதிர்காலத்தில் நிறுத்தினால் போதும்.

'அப்ரா.' தமிழில் 'இருப்பார்' என்பதைப் போல.

அதற்குப் பொருள் இதுதான்: நான் பார்க்கவில்லை. வேறென்ன நடந்திருக்கும்?

அலை பெரிதாக இருந்தது. தளத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. சமையல்காரர் கண்டது அவ்வளவுதான்.

இதை எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இல்லாத நம்பிக்கையைக் கொடுத்து அனுப்பவும் பயமாக இருந்தது.

ஜெசிந்தா காத்திருக்கவில்லை.

"இறந்துட்டாகன்னு எழுதியிருக்கா, இறந்திருப்பாகன்னு எழுதியிருக்கா? அத மட்டும் சொல்லுங்க மேடம்."

அவள் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"இறந்திருப்பாருன்னுதாம்மா. அவர் கண்ணால பாக்கல."

ஜெசிந்தா அழவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். பையிலிருந்து போனை எடுத்து ஊர்க்கோயில் உபதேசியாரைக் கூப்பிட்டாள்.

நாளைப் பூசையை நிறுத்த வேண்டாம் என்றாள். சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள், இருக்கட்டும் என்றாள். எதற்காகப் பூசை என்று வாசிக்கும் கருத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

உபதேசியாரின் குரல் அறைக்குள் கேட்டது. இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்கு என்றுதானே எழுதியிருக்கிறது என்றார். அதை அடித்துவிட்டு, நல்லபடியாகத் திரும்பி வர என்று எழுதிக்கொள்ளவா என்று கேட்டார்.

ஜெசிந்தா மேசையில் இருந்த தாள்களைப் பார்த்தாள்.

மின்விசிறிக் காற்றில் இரண்டு தாள்களும் படபடத்தன. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவள் அவற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

உபதேசியார் மறுபடியும் கேட்டார்.

"ரெண்டும் வேண்டாம்," என்றாள் ஜெசிந்தா. "அவுக பேர மட்டும் வாசிங்க."