மாமன் கொடுத்த செக்

"இது செத்துப் போச்சுங்க."

மண்ணூர்பேட்டை வங்கியில், கவுன்டருக்கு உள்ளேயிருந்து கிளார்க் சுலைமான் செக்கைத் திருப்பி நீட்டினார். வேம்புலிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னா சார் சொல்றே? மனுசன் சாவான், மாடு சாவும். செக்கு எப்டி சார் சாவும்?"

"தேதி போட்ட நாள்லேருந்து ஆறு மாசம்தான் அதுக்கு உயிர். இது போன வாரத்தோட முடிஞ்சுடுச்சு. இனிமே வெறும் காகிதம்."

"ஆயிரத்தொரு ரூபா சார்! என் மச்சான் கணக்குல பணம் கீதுல்ல?"

"இருந்தாலும் தர முடியாதுங்க."

வேம்புலி பக்கத்தில் நின்ற மனைவியை முறைத்தான்.

"கேட்டுக்கினியா? ஒரு மாசமா கேட்டேன், செக்கு எங்க, செக்கு எங்கன்னு. ஊட்டையே பொரட்டிப் போட்டேன். அதுக்கு உயிர் போனப்புறம், சாமி படத்துக்குப் பின்னாலேருந்து எடுத்து நீட்றா சார் இந்த மகராசி!"

"பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன். வெச்ச எடம் மறந்துபூட்ச்சி."

கண்ணம்மா தலையைக் குனிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்தச் செக்கின் கதை, தொழிற்பேட்டையில் வேம்புலியோடு லேத் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். தை மாதம் அவன் மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். கண்ணம்மாவின் அண்ணன் நாகப்பனுக்கு வேப்பம்பட்டில் செங்கல் வியாபாரம். அன்றைக்கு லோடு இறங்குகிறது என்று அவன் வராமல், புதிதாக வாங்கிய செக் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டான். தட்டும் இல்லை, தாம்பூலமும் இல்லை, மாமனும் இல்லை.

"சீரு தட்டுல வரணும்யா! செங்கல் லாரியில வருமா?" என்று குதித்தான் வேம்புலி. இனி மச்சான் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சபதமும் போட்டான். நாகப்பனும் லேசுப்பட்டவன் இல்லை. சீரை மதிக்காதவன் வீட்டுக்கு நான் ஏன் போக வேண்டும் என்று அவனும் எட்டிப் பார்க்கவில்லை. நடுவில் கிடந்து அண்ணனைப் பார்க்காமல் தவித்தவள் கண்ணம்மாதான்.

வேம்புலியின் ரோஷம் கேஸ் கம்பெனியிலிருந்து தகவல் வரும் வரைக்கும்தான் நின்றது. பல வருடமாகப் பதிந்து வைத்துக் காத்திருந்த சிலிண்டர் கிடைத்துவிட்டது. அடுத்த மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்போதுதான் அவனுக்குச் செக் ஞாபகம் வந்தது.

"இதுக்கு வைத்தியமே இல்லியா சார்?" என்று மெல்லக் கேட்டாள் கண்ணம்மா.

"இருக்கும்மா. கொடுத்தவரே தேதியைத் திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போட்டுத் தரணும். நேர்ல போய்க் கேளுங்க."

"அவன் ஊட்டுக்கா? நானா?" வேம்புலி எகிறினான்.

"வாணாம்னா வுடுய்யா. நான் மண்ணெண்ண ஸ்டவ்வையே பம்ப் அடிச்சிகினு கெடக்கறேன்" என்றாள் கண்ணம்மா.

அவன் செக்கை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கும்போதே வேம்புலி கறாராகச் சொன்னான்.

"கையெழுத்து வாங்கினதும் அடுத்த வண்டி. அவன் ஊட்ல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன், ஆமா!"

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த நாகப்பன், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான்.

"மாப்ளே! வா மாப்ளே! மாசாமாசம் பேங்குல போய்ப் பாக்கறேன், ஆயிரத்தொண்ணு அப்டியே கீது. எங்காசு கூட ஒனக்கு ஆவாமப் பூட்ச்சேன்னு எவ்ளோ வேதனப்பட்டேன் தெரியுமா? செக்கு குடுத்தா பெரிய மனுசன்னு நெனச்சிட்டேன் மாப்ளே. தப்புதான்."

அதற்கு மேல் விறைப்பாக நிற்க வேம்புலிக்குத் தெரியவில்லை. "சரி வுடு மச்சான், நான் மட்டும் இன்னா? வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்" என்றான்.

நாகப்பன் மருமகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டே தேதியைத் திருத்திக் கையெழுத்துப் போட்டான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழம், பாவாடைத் துணி எல்லாம் அடுக்கி, அதன்மேல் செக்கையும் வைத்து இரண்டு கையாலும் நீட்டினான். கண்ணம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றவன் கோழிக் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

திரும்பி வரும்போது ரயிலில் அவனுக்கு ஒரே சிரிப்பு.

"ரெண்டு வாரம் முன்னாடி செக்கு கெடைச்சிருந்தா, கமுக்கமா பேங்குல போட்டுகினு இருந்திருப்பேன். ஒன் மறதியும் ஒரு நல்லதுக்குத்தான்டி!"

மறுநாள் வங்கியில், செக்கின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்துச் சுலைமான் சிரித்தார்.

"இப்ப உயிர் வந்துடுச்சு. போய்ச் சலானை நிரப்பிக் கொண்டாங்க."

கயிறு கட்டிய பேனா இருக்கும் மேஜைக்கு வேம்புலி போனான். சுலைமான் குரலைத் தாழ்த்தினார்.

"என்னம்மா, அண்ணனைப் பாத்தாச்சா?"

கண்ணம்மா ஒரு தடவை புருஷனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"பாத்தாச்சு சார். அன்னிக்கு நான் தனியா வந்து கேக்கசொல்ல, இதுக்கு இன்னும் மூணு வாரம் உயிர் கீதுன்னு சொன்னீங்களே... அது சாவற வரைக்கும் அந்த ஆளு கண்ணுல படாம ஒளிச்சு வெக்கறதுக்குள்ள என் உயிர் போய்த் திரும்பிச்சு சார்!"