நாலாம் மாதப் படம்

பைண்டிங் செக்‌ஷனில் நாற்பது பெண்கள். போஸ்டருக்கு நிற்க ஒரு கர்ப்பிணி கிடைக்கவில்லை.

எப்படிக் கிடைப்பாள்? வயிறு தெரிந்த அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவது அந்த அச்சகத்தின் வழக்கம். போன மாதம் வீரலட்சுமி போனாள்.

ஆர்டரோ அவசரம். 'கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் பாதுகாப்பான உடற்பயிற்சி.' சுகாதார நிலையங்களில் ஒட்ட ஐயாயிரம் போஸ்டர். முதலாளியின் மருமகள் பிரீத்திகாவுக்கு ஏழாம் மாதம்தான். ஆனால் ஊர்க்கண் பட்டுவிடுமாம்.

பட்டாலும் பாதகமில்லாத வயிறாகத் தேடி மாரிசெல்வியைக் கூப்பிட்டார்கள்.

பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஆறு மாதம். ஒல்லி.

அவளுக்கு நாலாம் மாதம் நடப்பது அவளுக்கும் புருஷன் முனியராஜுக்கும் மட்டுமே தெரியும். அவன் வேலை பார்த்த பட்டாசு ஆலை பூட்டிக் கிடக்கிறது. இவளையும் அனுப்பிவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் சுடிதாருக்கு மேல் அவனுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறாள்.

சூப்பர்வைசர் அய்யம்மாள் தலையணையும் கயிறுமாக வந்தாள். நடையைப் பார்த்தே வீரலட்சுமிக்கு எத்தனை மாதம் என்று சொன்னவள். சட்டைக்கு மேலாகவே அவள் தலையணையை வைத்துக் கட்டி முடிக்கும்வரை மாரிசெல்வி மூச்சு விடவில்லை.

கட்டி முடித்ததும் மரியாதை வந்துவிட்டது. ஸ்டூல் வந்தது. ஃபேன் இவள் பக்கம் திரும்பியது.

"ஏலே, தலையணைக்குத் தண்ணி குடுங்கலே, வாடிப் போச்சு!" என்றான் கட்டிங் மிஷின் பெத்தணன்.

மேனேஜர் சீனிவாசகம் புரூஃபைப் பார்த்து வாசித்தார். தினம் மெதுவாக நடக்கலாம். மூச்சை இழுத்து விடலாம். கனம் தூக்கக் கூடாது. தலை சுற்றினால் உடனே உட்கார வேண்டும்.

காலையிலிருந்து முப்பது காலண்டர் கட்டு தூக்கியிருந்தாள். இரண்டு தடவை தலை சுற்றியது.

"கட்டு தூக்கிட்டு, ஒன்னும் ஆகலைன்னா... பரவால்லையா சார்?"

"தலையணைக்குத்தான? தாராளமாத் தூக்கு!"

செக்‌ஷனே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

சுவரைப் பிடித்து நின்றாள், காலை மடக்கி உட்கார்ந்தாள், நடந்தாள். எட்டாம் மாதப் படங்கள் முடிந்தன. தலையணையை அவிழ்த்தார்கள்.

"என்ன புள்ள பெத்திருக்கா?"

"பஞ்சுப் புள்ள!"

"இன்னும் ஒரு படம் இருக்கு," என்றார் சீனிவாசகம். "நாலாம் மாசம். அதுக்கு ஒன்னும் கட்ட வேண்டாம். அந்தச் சட்டையக் கழட்டிட்டு சும்மா நில்லு."

கழற்றினாள். பொத்தான் கழற்றவே நேரமானது. துப்பட்டாவை வயிற்றுக்கு இழுத்தாள். "துப்பட்டா மறைக்குது," என்று அதையும் ஒதுக்கச் சொன்னார். நாற்பது பெண்களும் பார்க்க, பக்கவாட்டில் திரும்பி நின்றாள்.

சீனிவாசகம் போனில் எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"இதப் பாத்தா முழுகாம இருக்கவ மாதிரியா இருக்கு? ஒருத்தனும் நம்ப மாட்டான். ஒரு துண்ட மடிச்சு வச்சுக் கட்டுங்க."

அய்யம்மாள் துண்டோடு வந்தாள். அளவு பார்க்க அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

வைத்த கை அங்கேயே நின்றது.

மாரிசெல்வி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"ஒரு துண்டு எங்கன சார் பத்தும்?" அய்யம்மாளின் குரல் செக்‌ஷன் முழுக்கக் கேட்டது. "வயிறு முதுகோட ஒட்டிப்போய்க் கெடக்கு. இன்னொன்னு குடுங்க."