புதிய கோல்கீப்பர்

அடையாற்றங்கரை மைதானத்தில் மாலை வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கிறது. இந்த வருஷம் ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காத ஹாக்கி அணிக்குத் தலைவன் பீர் முஹம்மது. பெங்களூரிலிருந்து ஸ்டானிஸ்லாஸ் என்ற கோல்கீப்பரைச் சம்பளம் பேசி அழைத்து வந்தவன் அவன்தான். இத்தனை வருஷம் கோல் காத்த அங்கமுத்துவிடம் அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கடலிலிருந்து நேரே வந்த அங்கமுத்து, உப்பு காய்ந்த விரல்களால் கால்பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறான். கோலில் புதியவன் நிற்பதைப் பார்த்ததும் விரல்கள் நின்றுவிடுகின்றன.

“இன்னா பீரு, இனிமே அவருதானா?”

“ஆமாண்ணே. இப்புடியே தோத்துக்கினு இருந்தா டீமையே கலைச்சிடுவாங்க.”

“கரெக்ட்டுதான். வூட்டாண்ட வந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் நைனா.”

அங்கமுத்து பட்டைகளை அவிழ்க்கிறான். கோலுக்கு நடந்து, மண்டி போட்டு, தானே அவற்றைப் புதியவனின் கால்களில் கட்டிவிட்டு ஒதுங்குகிறான். பீர் முஹம்மது ஓங்கி அடிக்கிறான். ஸ்டானிஸ்லாஸ் பாய்ந்து தடுக்க, பந்து திரும்பி வருகிறது. “சபாஷ்!” பீர் முஹம்மதின் வாய் முந்திக்கொள்கிறது. கோட்டுக்கு வெளியே அங்கமுத்துவும் கை தட்டுகிறான். பீர் முஹம்மது நிமிரவில்லை. காலடியில் கிடக்கும் பந்தைப் புல்லில் தேடுகிறவன்போலக் குனிந்தே நிற்கிறான்.