பல்லி சொன்னது

காலண்டருக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. பூச்சியைக் கண்டால் கத்தும். அது கத்தும்போதெல்லாம் கீழே கோமதி பேச்சை நிறுத்தி, தரையை விரலால் மூன்று தரம் தட்டுவாள். அவள் சொல்லிக்கொண்டிருந்தது பலித்துவிடும் என்று அர்த்தமாம். கேட்டுக் கேட்டுப் பல்லியும் அதை நம்பிவிட்டது.

"நான் சொன்னா நடக்கும், தெரியுமா?" என்றது, டியூப்லைட்டுக்குப் பின்னால் இருந்த இன்னொரு பல்லியிடம்.

"உனக்குப் பசி. வேறென்ன?" என்றது அது.

ஒருநாள் சாயங்காலம் கோமதியின் குழந்தைக்கு அனலாய்க் காய்ச்சல். அவள் புருஷன் ஆஸ்பத்திரிக்குப் போகப் பையைக்கூட எடுத்துவிட்டான்.

"விடியறதுக்குள்ள காய்ச்சல் இறங்கிடும்ங்க," என்றாள் கோமதி.

அந்த நேரம் பார்த்து ஓர் ஈசல் விளக்கில் வந்து முட்டியது. பல்லி கத்தியது.

கோமதி தரையைத் தட்டினாள். "பல்லியே சொல்லிடுச்சு!"

அவன் பையைக் கீழே வைத்தான்.

மறுநாள் மத்தியானம் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

"இனி செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன்," என்றது பல்லி.

மூன்று நாள் பட்டினி கிடந்தது. மூன்றாம் நாள் கூடத்தில் புருஷன், "நாம என்ன பண்ண முடியும் கோமதி? அவ ஆயுசு அவ்வளவுதான்," என்றான். ஒரு கொசு பல்லியின் மூக்கை உரசிக்கொண்டு போனது. தன்னையறியாமல் அது கத்திவிட்டது.

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தரையை மூன்று தரம் தட்டினாள்.