மதிலுக்குள் ஒரு கை

"கை மாட்டிக்கிச்சு" என்று சொன்னேன்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்து ரோமானியர் மதிலில், ஒரு பொந்துக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, கன்னத்தை ஈரக் கல்லில் ஒட்டிக்கொண்டு ஒருத்தி நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"இழுத்துப் பாரு டாம்சின்" என்றான் பார்னபி.

"இழுக்கறேன். வரல."

என் விரல்கள் பெட்டியின் மேல்தான் இருந்தன. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி.

எங்கள் பக்கத்தில் இந்தப் பெட்டி வேட்டை ஒரு பைத்தியம். யாராவது ஒருவர் தானே செதுக்கிய ரப்பர் முத்திரையைப் பெட்டியில் போட்டு எங்காவது ஒளித்துவைப்பார். அவர் தரும் துப்பை வைத்துக்கொண்டு நாம் மழையில் அலைந்து கண்டுபிடிக்க வேண்டும். முத்திரையை நம் நோட்டில் குத்திக்கொண்டு பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. டார்ட்மூர் மேட்டில் பாதிப் பேருக்கு முட்டி தேய்ந்தது இதனால்தான்.

துப்பை அவிழ்த்தவர்தான் பெட்டியைத் தொடலாம். இன்னொருவர் தொட்டால் சண்டையே வந்துவிடும்.

இன்றைக்கு ஒளித்துவைத்தவன் என் காதலன் பார்னபி. தேடுவது நான். ஊரின் பழைய இடங்களில் எல்லாம் பெட்டி வைத்திருந்தான். பேராலயத்து முற்றத்தில் கிடைத்த முத்திரை, கல்யாணத்துக்கு அடிக்கும் கோயில் மணி. நகர மன்றத் தூணுக்குப் பின்னால், ஜோடிப் பறவைகள். ஆற்றோரம் இடிந்த பாலத்தடியில், ஒரு தொட்டில்.

தொட்டிலை நோட்டில் குத்தியபோதே இது எங்கே போய் முடியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கடைசிப் பெட்டிக்கு வந்து பார்த்தால், அவன் அப்பா கீத், அம்மா டெனிஸ், நண்பர்கள் எல்லோரும் மதிலடியில் சும்மா உலாவ வந்ததுபோல் நிற்கிறார்கள். லீட்ஸிலிருந்து என் அம்மா வேறு, முடியைச் சுருட்டி அலங்காரம் செய்துகொண்டு. எல்லோர் கைப்பேசிகளும் என்னையே பார்த்தன.

பெட்டியை எடுத்தால் திறக்க வேண்டும். திறந்தால் மோதிரம் இருக்கும். இத்தனை பேர் முன்னால் சரி என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

பார்னபி கெட்டவன் இல்லை. என்னிடம் தனியாக எதையும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அவன் வீட்டுக்குக் குடிவரச் சொன்னது கிறிஸ்துமஸ் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே. நாயைக் கொடுத்தது என் பிறந்தநாள் கூட்டத்தில், கழுத்தில் ரிப்பன் கட்டி. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நாயை இன்றுவரை நான்தான் குளிப்பாட்டுகிறேன்.

எனக்கு அவனைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பமில்லை. அதைச் சொல்ல ஒரு தனியிடம் கிடைக்கவே இல்லை.

"தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடலாமா?" அம்மா பதறினாள்.

"அதெல்லாம் எதுக்கு சம்பந்தி?" என்றார் கீத். அதற்குள் சம்பந்தியாகிவிட்டாள் அம்மா. "ஸ்கோன் ரொட்டிக்குக் கிரீம் கொண்டுவந்திருக்கோம். தடவினா வழுக்கிக்கிட்டு வந்துடும். மிச்சத்தை நான் நக்கிக்கறேன்."

மறுபடியும் சிரிப்பு.

பார்னபி என் தோளைப் பிடித்துக்கொண்டான். "பயப்படாதே. பெட்டியை மட்டும் விட்டுடாதே, என்ன?" பாவம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கைவலி என்று நினைத்து அவன் நண்பன் ஒருவன் கைப்பேசியை இன்னும் கிட்டே கொண்டுவந்தான்.

கிரீம் டப்பாவோடு டெனிஸ் வந்தாள். அதிகம் பேசாத மனுஷி.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது. பார்னபி, உனக்கும்தான் சொல்றேன்."

"பெட்டியைத் தொட்டுடாதேம்மா!" என்றபடியே அவன் விலகினான்.

கிரீம் பூசிய கையை என் கையோடு ஒட்டி உள்ளே நுழைத்தாள். ஜில்லென்று இருந்தது. மணிக்கட்டைத் தாண்டினாள். புறங்கையைத் தாண்டினாள். இரண்டு கைக்கும் உள்ளே தாராளமாக இடம் இருந்தது.

அவள் கை நின்றுவிட்டது.

என் கை எங்கேயும் மாட்டவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவனைப் பெற்றவள் ஆயிற்றே, இதோ கத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"என்னைக் கீத் கால்பந்து மைதானத்துல வெச்சுக் கேட்டாரு." அவள் உதடு என் காதோரம் இருந்தது. "இடைவேளையில. ஒலிபெருக்கியில. மைதானமே எழுந்து நின்னு கத்துச்சு. முடியாதுன்னு நான் எங்க போய்ச் சொல்றது?"

அவள் இன்னும் கிட்டே குனிந்தாள்.

"உள்ள இருக்கறது அன்னிக்கு அவர் போட்ட அந்த மோதிரம்தான், கண்ணு."

"வருதாம்மா?" என்று தூரத்திலிருந்து பார்னபி கேட்டான்.

"இரு, இரு, வருது!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து விடுவித்தாள். "வீட்டுக்குப் போய் அவன்கிட்ட தனியாச் சொல்லிடு."

அவள் விரல்கள் என் விரல்களைத் தாண்டிப் போயின. ஒரே தள்ளு.

மதிலின் வயிற்றுக்குள் பெட்டி மோதி மோதிக் கீழே போகும் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்டது.

"ஐயையோ!" என்றாள் டெனிஸ், எல்லோருக்கும் கேட்கும்படி.